ஒடிசியின் இரண்டு அடிகளில் நான்கு விருந்துச் சொற்கள்: தமிழில் எவ்வாறு எழுதுவது?

கோண்டாவில் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டுப் பேர் கொண்ட எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த ஆண்டு ஹோமரின் ஒடிசியைப் படித்து வருகின்றோம். ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருந்தாலும், முக்கியமான இடங்களில் கிரேக்க மூலத்தை அகராதியின் துணையுடன் சொல் சொல்லாகப் பார்த்துத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் விடப்பட்டிருக்கிறது. முதற் காண்டத்தின் 225ஆம், 226ஆம் அடிகளில் ஒரு கிழமையாக நின்றுவிட்டேன்.

இடம் இதுதான். ஒடிசியஸ் போருக்குப் போய் இருபது ஆண்டாகியும் வீடு திரும்பவில்லை. அவனுடைய மனைவி பெனலோப்பியை மணக்க வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெருங்கூட்டம் அவனது வீட்டிலேயே குந்தியிருந்து, அவனது ஆடு மாடுகளை நாள்தோறும் அறுத்துத் தின்று, அவனது மதுவைக் குடித்துத் தீர்க்கிறது. அப்போது அதீனா தேவி மெந்தஸ் என்னும் பழைய நண்பனின் உருவில் வாசலில் வந்து நிற்கிறாள். மகன் தெலமாக்கஸ் அவளை அழைத்துப்போய் இருத்தி உணவு கொடுத்த பிறகு, அவள் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "இது என்ன தைஸ்? இது என்ன கூட்டம்? இதனால் உனக்கு ஆகவேண்டியது என்ன? எய்லபினேயா, கமோஸா? ஏனென்றால் இது எரனோஸ் அல்லவே."

கமோஸ் என்பது திருமணம். மற்ற மூன்று சொற்களுக்கும் அகராதி ஏறக்குறைய 'விருந்து' என்றே பொருள் தருகிறது. "இது என்ன விருந்து? விருந்தா, திருமணமா? இது விருந்து அல்லவே" என்று எழுதினால், தேவியின் கேள்வி பொருளற்றுப் போகிறது. இந்தச் சொற்கள் எங்கிருந்து பிறந்தவை என்று தெரிந்தால், பொருத்தமான தமிழ்ச் சொற்களைத் தேடலாம் என்று நினைக்கிறேன். கிரேக்கச் சொற்பிறப்பில் பழக்கமுள்ளவர்கள் உதவவேண்டும்.

வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

பிள்ளை, நல்ல இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். முதலில் தைஸ் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மற்றவற்றுக்கு அதுவே திறவுகோல் என்பது என் எண்ணம்.

தைஸ் என்பது 'பகுத்தல், பங்கிடுதல்' என்னும் பொருளுடைய தையொமாய் என்ற வினையிலிருந்து வந்த பெயர். அதாவது, கிரேக்கருடைய மிகப் பழைய விருந்துச் சொல் உண்ணுதலையோ குடித்தலையோ மகிழ்தலையோ குறிக்கவில்லை. அறுத்த விலங்கின் இறைச்சியை ஒவ்வொருவருக்கும் இன்ன பங்கு என்று பிரித்துக் கொடுப்பதையே குறிக்கிறது. இறைச்சியை அறுத்துப் பங்கு வைப்பவனுக்குத் தைத்ரொஸ் என்று பெயர். பங்கு பெற்று உண்பவனுக்குத் தைதுமோன் என்று பெயர். ஹோமரின் பாட்டில் விருந்துக்கு 'சமமான' என்ற அடைமொழி அடிக்கடி வருகிறது. உண்டு முடிந்ததும் "சமமான தைஸில் எவர் மனமும் குறைபடவில்லை" என்று ஓர் அடி மீண்டும் மீண்டும் பாடப்படும். அந்தச் சமத்துவத்தை எடை பார்த்து எடுத்த சமத்துவமாகக் கொள்ளக்கூடாது. ஹோமரின் மற்றக் காவியமான இலியட்டின் 7ஆம் காண்டத்தில், பகைவரின் வீரனான ஹெக்டருடன் தனித்துப் போர் செய்து திரும்பிய அயாக்ஸுக்குக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் முதுகுத் தண்டின் நீண்ட இறைச்சியைத் தனியே எடுத்துக் கொடுக்கிறான். அவரவருக்கு உரியது அவரவருக்குக் கிடைத்தது என்பதே அங்கே 'சமம்'.

இந்த வேரிலிருந்து கிளைத்த மற்றச் சொற்களைப் பார்த்தால் எவருக்கும் வியப்பு வரும். மக்கள் என்னும் பொருளில் இன்று உலகமெங்கும் வழங்கும் தேமோஸ் முதலில் 'பிரித்து ஒதுக்கிய நிலப்பகுதி' என்ற பொருளில் இதே வேரிலிருந்து வந்ததென்பர். ஹோமருக்கு முற்பட்ட பைலொஸ் என்னும் கிரேக்க அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில் அது 'தாமோ' என்ற வடிவில் இருக்கிறது. 1952இல் மைக்கல் வென்றிஸ் அந்த எழுத்தை வாசித்தறிந்த பின்னரே இது நமக்குத் தெரியவந்தது. அந்தப் பலகைகளுள் ஒன்று, பொசைதொன் தெய்வத்துக்கான படையலுக்கு யார் யார் எவ்வளவு கோதுமை, மது, ஆட்டுக்கடா, பாற்கட்டி கொடுக்கவேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் தாமோவுக்கும் ஒரு பங்கு விதிக்கப்பட்டிருக்கிறது. தெய்வத்தைக் குறிக்கும் தைமோன் என்ற சொல்லையும் 'பகுத்துக் கொடுப்பவன்' என்றே பலர் விளக்குவர். இந்த இடத்தில் தமிழ் படித்தவர் எவருக்கும் "வகுத்தான் வகுத்த வகையல்லால்" என்னும் 377ஆம் குறள் நினைவுக்கு வராமல் இராது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்லும் 'பால்வரை தெய்வம்' என்பதும் அதுவே. பால் என்றால் பகுதி, பால் என்றால் ஊழ். கிரேக்கரின் ஊழ்த் தெய்வமான மொய்ராவின் பெயரும் 'பங்கு' என்றே பொருள்படும். இரு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே, தலைவிதியைத் தட்டில் விழும் பங்காக நினைத்திருக்கின்றன.

நம்முடைய 'விருந்து' வேறு வழியால் வந்த சொல். அதன் அடிப்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் புதிதாகப் புனையும் யாப்பையே விருந்து என்கிறது. புதுமையிலிருந்து புதிதாக வந்த ஆளுக்கும், அந்த ஆளிலிருந்து அவருக்கு இடும் உணவுக்கும் பெயர் நகர்ந்திருக்கிறது. "முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து" என்று வள்ளுவர் பாடும்போது வாடுவது சோறல்ல, வாசலில் நிற்கும் மனிதர். ஆகையால் தமிழில் விருந்தின் நடுவே வந்தவர் இருக்கிறார். கிரேக்கத்தின் தைஸில் நடுவே இருப்பது பங்கு. தைஸ் வரும் இடமெல்லாம் விருந்து என்று எழுதினால், ஒன்றின் உயிரை எடுத்து மற்றதன் உடலில் வைத்ததாகிவிடும்.

தைஸுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் 227ஆம் குறளில் இருக்கிறது: 'பாத்தூண்'. பகுத்து உண்ணும் ஊண். வேர்ப்பொருளில் இதைவிட நெருக்கமான சொல் எந்த மொழியிலும் கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை.

புங்குடுதீவு அன்பன் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தைப் படித்ததும் ஒன்று தோன்றியது. கிரேக்கத்தில் உண்ணுதலைக் குறிக்கும் ஃபகெய்ன் என்ற சொல்லுக்கும் மூலப்பொருள் 'பங்கு பெறுதல்' என்று வாசித்திருக்கிறேன். அப்படியானால் அது நம்முடைய 'பகு' என்ற வினையே அல்லவா? ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது, தமிழிலிருந்து கிரேக்கத்துக்குப் போன சொல் என்று கொள்வதில் என்ன தடை இருக்கிறது?

கொக்குவில் மொழியியல் மாணவன் எழுதியது:

அண்ணா, ஒப்புமை உண்மையில் கண்ணைப் பறிக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எனினும் ஒரு சொல்லின் உறவை அறிவதற்கு ஒலி ஒத்திருப்பது போதாது. அந்த ஒலி அந்த மொழியில் ஒழுங்காக எதற்கு நேர் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். கிரேக்கத்தின் மூச்சொலியுள்ள ப, சமஸ்கிருதத்தில் ப வரிசையின் நாலாம் எழுத்தான, மூச்சொலியுள்ள ப என்பதற்கு நேர் நிற்பது. சுமத்தலைக் குறிக்கும் ஃபெரோ, பரதி ஆகியவையும், உடன்பிறப்பைக் குறிக்கும் ஃப்ராதேர், ப்ராதா ஆகியவையும் அந்த ஒழுங்குக்குச் சான்று. அதே ஒழுங்கில் ஃபகெய்ன் என்பதற்கு நேர் நிற்பது 'பங்கிடு, பங்கு பெறு' என்னும் பொருளுடைய பஜ் என்ற வடமொழி வேர். அங்கிருந்துதான் பாகம் வந்தது. 'பங்காகக் கொடுக்கப்பட்டது' என்னும் பொருளில் பக்த என்ற சொல் சோற்றுக்குப் பெயராகி, பாளியில் பத்த என மாறி, இன்று சிங்களத்தில் சோற்றுக்குப் 'பத்' என்று வழங்குகிறது. தேவாரத்தில் நாம் பாடும் 'பத்தர்' என்ற சொல்லும் அதே வேரின் மற்றொரு கிளை. கொழும்பு உணவகத்தில் கேட்கும் சொல்லும், கோயிலில் பாடும் சொல்லும், ஹோமரின் வீரர்கள் உண்ணும் வினையும் ஒரே குடும்பம்.

'பகு' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதற்குச் சொந்தமான பெரிய குடும்பம் ஒன்று இருக்கிறது. பகல், பகுதி, பகிர், பங்கு, பாதி, பால், பாத்து என்று தமிழிலேயே விரிந்து, உறவு மொழிகளிலும் வேரோடியிருக்கும் சொல் அது. எவரிடமும் கடன் வாங்கவேண்டிய தேவை அதற்கில்லை. கொடுத்தது என்று காட்டுவதற்குச் சான்றும் இல்லை. இவ்விடத்தில் எனக்கு ஒப்புமையைவிட வேறுபாடே பெரிதாகத் தெரிகிறது. கிரேக்கத்தில் ஃபகெய்ன் தன் பழைய பொருளை முழுவதும் இழந்து வெறும் 'தின்னுதல்' ஆகிவிட்டது. தனியே ஒளித்திருந்து தின்பவனுக்கும் அதே வினைதான். தமிழில் 'பகு' ஒருபோதும் உண்ணுதல் ஆகவில்லை. அதனால்தான் 322ஆம் குறள் "பகுத்துண்டு" என்று இரண்டு வினைகளையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. பகுப்பது ஒரு செயல், உண்பது இன்னொரு செயல் என்று தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது.

ஆசிரியர் ஐயா சொன்ன தைஸுக்கும் வடமொழியில் உறவு உண்டு. அதைத் தானம் என்ற சொல்லுடன் சேர்த்துவிடக்கூடாது. அது 'கொடு' என்னும் வேறு வேரிலிருந்து வந்தது. தைஸின் உறவு 'தயதே' என்ற வினை. பங்கிடுகிறான் என்பது அதன் பொருள். பிறருடைய துன்பத்தில் பங்குகொள்ளுதல் என்ற வழியில் அங்கிருந்து பிறந்ததே தயா. அதைத்தான் நாம் தயை என்றும் தயவு என்றும் எடுத்துக்கொண்டோம். கந்தோரில் நீட்டும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் "தயவுசெய்து" என்று எழுதும்போது, ஹோமரின் விருந்துச் சொல்லின் உடன்பிறப்பைத்தான் எழுதுகிறோம்.

மானிப்பாய் நூலகர் எழுதியது:

கேட்ட நான்கு சொற்களுக்குள் வராவிட்டாலும் சிம்போசியொன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காண்டம் தாண்டிப் பிற்காலக் கிரேக்கத்துக்குப் போகும்போது உங்கள் வட்டத்துக்கு அது தேவைப்படும். 'கூட' என்ற முன்னொட்டும் 'குடித்தல்' என்ற பெயரும் சேர்ந்த சொல் அது. பானம் என்ற வடசொல்லின் வேரும் அந்தக் குடித்தலின் வேரும் ஒன்றே. தெய்ப்னொன் என்னும் இராச் சாப்பாடு முடிந்து, மேசைகளை எடுத்த பிறகு, ஆண்கள் சாய்மஞ்சங்களில் படுத்திருந்து, பெரிய கலத்தில் நீர் கலந்த மதுவைக் குடித்துப் பாடிப் பேசிய நேரமே சிம்போசியொன். ரோமரான சிசரோ முதுமையைப் பற்றிய தமது நூலில், கிரேக்கர் இதைக் கூடிக் குடித்தல் என்றும் கூடி உண்ணல் என்றும் அழைக்க, தம்மவர் 'கூடி வாழ்தல்' என்று பொருள்படும் கொன்விவியும் என்ற பெயரைக் கொடுத்தது மேலானது என்று வாதிடுகிறார். பல்கலைக்கழகத்தில் நாம் ஆய்வரங்கு என்று சொல்வதன் ஆங்கிலப் பெயர் அந்த மதுக்கலத்திலிருந்து வந்ததே. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தண்கமழ் தேறலைப் பொற்கலத்தில் ஏந்திக் குடிக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் 56ஆம் புறப்பாட்டையும் உங்கள் வட்டத்தில் அருகில் வைத்துப் படிக்கலாம்.

சாவகச்சேரி அம்மா எழுதியது:

பிள்ளைக்கு இன்னும் எரனோஸ் மிஞ்சியிருக்கிறது. எனக்குக் கிரேக்கம் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சொல் குறிக்கும் காரியத்தை நான் சிறு வயதில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு வீட்டார் காசு சேர்த்து ஒரு கிடாய் வாங்குவார்கள். விடிய முன்னர் ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கிடாயை உரித்து வெட்டி முடித்த பின், பச்சைப் பனையோலைகளை நிலத்தில் வரிசையாக விரித்து, எத்தனை பங்கோ அத்தனை குவியல் வைப்பார்கள். ஒரு குவியலுக்கு முன்னங்கால் இறைச்சி போனால் அடுத்ததற்குத் தொடை. ஈரலைச் சிறு சிறு துண்டாக அரிந்து எல்லாக் குவியலிலும் ஒவ்வொன்று. எலும்பும் கொழுப்பும் அப்படியே. வெட்டியவர் எழும்பி நின்று சுற்றிவரப் பார்த்து, ஒரு குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மற்றதில் போட்டு, திரும்பவும் பார்ப்பார். அவருடைய பங்கை அவர் கடைசியாகத்தான் எடுப்பார். ஓலைக் குடலையில் இறைச்சியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது, குடலையின் அடியால் சொட்டும் இரத்தம் என் சட்டையில் பட்டுவிடுமென்று கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது இப்போதும் நினைவிருக்கிறது. பங்கிறைச்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஆசிரியர் சொன்ன தைத்ரொஸ் யாரென்று வாசித்தவுடனே எனக்கு அந்த மனிதரின் முகம் வந்துவிட்டது.

எரனோஸ் என்பது ஒவ்வொருவரும் தத்தம் பங்கைக் கொண்டுவந்து சேர்ந்து உண்பது. பிற்கால அதென்ஸில் அதே பெயர், இடர்ப்பட்ட ஒருவருக்கு நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து வட்டியில்லாமல் கொடுக்கும் கடனுக்கும் வந்தது. தேவி ஏன் "இது எரனோஸ் அல்லவே" என்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். தம் கைக்காசு போட்டவர்கள் அளவறிந்து உண்பார்கள், குவியலைப் பார்ப்பார்கள், அடுத்தவரின் பங்கையும் பார்ப்பார்கள். பெனலோப்பியின் வீட்டில் இருந்தவர்கள் ஒரு சதமும் போடாதவர்கள். அதனால்தான் அப்படித் தின்றார்கள். அதே காண்டத்தில் பிறகு தெலமாக்கஸ் அவர்களை நோக்கி, "வேறு தைஸ்களைத் தேடிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வீடு முறை மாற்றி, உங்கள் சொத்தை நீங்களே தின்னுங்கள்" என்று சொல்கிறான். தேவி ஒரு சொல்லில் காட்டிக் கொடுத்ததை அவன் வாக்கியமாக்கிச் சொல்கிறான். 4ஆம் காண்டத்தில் ஸ்பார்த்தா அரசன் மெனலேயஸின் அரண்மனைக்கு வருபவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டும் மதுவைச் சுமந்துகொண்டும் வர, அவர்களுடைய மனைவியர் அப்பம் கொடுத்தனுப்புகிறார்கள். ஒழுங்கான வீடு எப்படி இருக்கும் என்று ஹோமர் அங்கே காட்டியிருக்கிறார்.

எரனோஸுக்குக் கூட்டாஞ்சோறு என்று எழுதலாமென்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் காதுக்கு அது பிள்ளைகள் மணலில் விளையாடும் விளையாட்டு. தேவியின் வாயில் பொருந்தாது. பாத்தூண் நல்ல சொல்தான், ஆசிரியர் குறை நினைக்கக்கூடாது. ஆனால் வாசிப்பு வட்டத்தில் அதை உரக்க வாசித்தால் பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்து விளக்கம் கேட்பார்கள். வாசலில் நிற்பவள் ஒரு மூச்சில் கேட்கும் கேள்வி அது. விளக்கம் கேட்க இடம் வைக்கக்கூடாது.

வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

அம்மா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பாத்தூணை முன்னுரையில் வைத்துக்கொள்ளலாம், அடிக்குள் வைக்கவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிற்காலக் கிரேக்க எழுத்தாளரான பிளூட்டார்க் தமது விருந்துரையாடல்களில், முன்னோர் செய்தபடி ஆளுக்கொரு பங்கு வைப்பது நல்லதா, இக்காலத்தவர்போலப் பொதுக் கலத்திலிருந்து எல்லோரும் எடுப்பது நல்லதா என்று ஒரு வாதத்தை நடத்துகிறார். தைஸ், தைதுமோன் ஆகிய சொற்களின் பிறப்பையே அங்கே சான்றாகக் காட்டுகிறார்கள். கிரேக்கருக்கே அந்த வேர் மறந்துபோகவில்லை. மேலும் எய்லபினே என்பது கிரேக்கத்துக்கு முன்னர் அந்நிலத்தில் இருந்த மொழியின் சொல்லாக இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. செல்வர் ஒருவர் தம் செலவில் பலரை அழைத்து நடத்தும் பெரிய விருந்தையே அது குறிக்கும். அதற்கு நம்முடைய விருந்து என்ற சொல்லே பொருந்தும், ஏனெனில் அங்கே அழைத்தவர் ஒருவர், வந்தவர் பலர்.

கோண்டாவில் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு உங்கள் பதில்களை அருகில் வைத்துக்கொண்டு திரும்ப எழுதினேன். தைஸுக்குப் பந்தி என்று வைத்திருக்கிறேன். பந்தி என்றால் எல்லோருடைய இலையிலும் எல்லாம் விழுந்ததா என்று பார்த்து நடக்கும் ஒருவர் நம் மனக்கண்ணில் வந்துவிடுகிறார். திருமணம் என்ற சொல்லையும் மாற்றிவிட்டேன். நம்மவர் எவரும் வாசலில் நின்று அப்படிக் கேட்கமாட்டார்கள்.

"இது என்ன பந்தி? இது என்ன கூட்டம்? இதனால் உமக்கு ஆகவேண்டியது என்ன? விருந்து வைக்கிறீரா, கலியாண வீடா? ஆளுக்கொரு பங்கு போட்டு ஆக்கிய சோறாக இது தெரியவில்லையே."

இதற்கு அடுத்த அடியில் அவர்கள் செருக்குடன் உண்கிறார்கள் என்று தேவி சொல்லும் இடத்தில், தைஸிலிருந்து வந்த தைனுஸ்தாய் என்ற வினையையே ஹோமர் வைத்திருக்கிறார். பங்கே வைக்காதவர்கள் செய்யும் காரியத்துக்குப் பங்கின் வினை. அதைப் 'பந்தியில் குந்துதல்' என்று எழுதுவதா, வெறுமனே 'தின்னுதல்' என்று எழுதுவதா என்பதில் இன்னும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. சாவகச்சேரி அம்மாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சாவகச்சேரி அம்மா எழுதியது:

'பந்தியில் குந்தியிருந்து தின்கிறார்கள்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், பிள்ளை. 'உண்கிறார்கள்' என்று மட்டும் எழுதிவிடவேண்டாம்.